பிக்கப் வண்டி, தூக்கும் கூரை, அதன் மேல் சோலார்: இரண்டு 335 வாட் பேனல் தாங்குமா?

பிப்ரவரி 11, 2024 – கேள்வி

பாலக்கோடு பக்கம் இருக்கிறேன். பிக்கப் வண்டியின் தொட்டியில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறேன். கூரை மட்டும் 2 அடி மேலே எழும்பும், சுற்றிலும் தார்ப்பாய், உள்ளே 2 பேர் படுக்கலாம். வீட்டு மாடியில் போட்டது போக 335 வாட் பேனல் 2 மிச்சம் கிடக்கிறது. இரண்டையும் கூரை மேல் போட்டால் ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாம் ஓடும்தானே? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, 2024, இரவு – பதில்

போடாதீர்கள். கரண்டுக்காகச் சொல்லவில்லை, கனத்துக்காகச் சொல்கிறேன். 335 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 22 கிலோ. இரண்டுக்கு 44. அலுமினியம் சேனல், கிளாம்ப், போல்ட் என்று இன்னொரு 10 கிலோ சேரும். உங்கள் கூரையே 45, 50 கிலோதான் இருக்கும், அதன் தலையில் இன்னொரு கூரையை ஏற்றுகிறீர்கள். வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை, ஒரு டன்னுக்கு மேல் சுமக்கிற வண்டி. தினமும் சாயங்காலம் அதைத் தூக்குகிற ஆளுக்குத்தான் தெரியும்.

நான் காவேரிப்பட்டணம். மாந்தோப்பு குத்தகை எடுக்கிற குடும்பம். ஏப்ரலில் காய் பருக்க ஆரம்பித்ததிலிருந்து ஜூலையில் கடைசி நீலம் மாங்காய் இறங்குகிற வரைக்கும் தோப்பிலேயே காவல் படுப்போம். முன்பெல்லாம் ஓலைக் குடிசை. 2022-ல்தான் இந்தப் பெட்டியைப் பட்டறையில் சொல்லிச் செய்தேன், 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். ஒரு வருடம் கழித்து 100 வாட் பேனல் இரண்டு மேலே ஒட்டினேன். ஒன்று 8 கிலோ. இரட்டைப் பக்க டேப்பால்தான் ஒட்டினேன், கூரையில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை, இன்றுவரை அசையவில்லை.

பிப்ரவரி 12, 2024

எத்தனை வாட் வேண்டும் என்று பேனலிலிருந்து ஆரம்பித்தால் கணக்கு வராது. ராத்திரி என்னென்ன ஓடும் என்பதிலிருந்து வாருங்கள். எங்களுடையது இப்படி: 12 வோல்ட் ஃபேன் 18 வாட், 10 மணி நேரம், அது 180. லைட் இரண்டும் சேர்த்து 10 வாட், 6 மணி நேரம், 60. போன், டார்ச் சார்ஜ் செய்ய 50. ஆக ராத்திரிக்கு 290 வாட்-மணி. இதோடு சின்ன டிசி ஃப்ரிட்ஜ் ஒன்று, ஓடும்போது 45 வாட் இழுக்கும், நாளெல்லாம் விட்டு விட்டு ஓடி மே மாத வெயிலில் 450 வரை தின்னும். மற்ற எல்லாம் சேர்ந்ததைவிட ஃப்ரிட்ஜ் ஒன்றே அதிகம்.

வரவு என்னவென்றால் நம்ம பக்கம் நல்ல வெயில் நாளில் 5 மணி நேர முழு வெயில் என்று எடுத்துக்கொள்ளலாம். சூடு, தூசி, வயர் எல்லாம் பிடித்தது போக 100 வாட் பேனல் நாளைக்கு 350 வாட்-மணி கையில் கொடுக்கும். அப்படியானால் ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் ஒரே பேனல் போதும், இருந்தால் இரண்டும் போட்டுக்கூட இழுத்துப் பிடித்துத்தான் ஓடும். எனக்கு ஏன் ஃப்ரிட்ஜ் என்றால், அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். தோப்பை விட்டு வீட்டில் இருங்கள் என்றால் கேட்க மாட்டார், 40 வருடமாக அந்த மரங்களோடு இருக்கிறவர். மருந்து அவரோடு தோப்புக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

டிவியும் ஓடுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். காவலுக்குப் போகிற இடத்தில் டிவி எதற்கு, சத்தத்தில் கிளை முறிகிறதுகூடக் காதில் விழாது.

பிப்ரவரி 14, 2024

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. 335 வாட் பேனல் சுமார் 38 வோல்ட்டில் வேலை செய்வது. அதைக் கடையில் 600 ரூபாய்க்குக் கிடைக்கிற பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால், ஆம்பியர் 9-க்குள் நின்றுவிடும், வோல்ட் பேட்டரி அளவுக்கு இறங்கிவிடும், 335-ல் 120 வாட்தான் உள்ளே போகும். மீதி வீண். பெரிய பேனல் போட்டால், கூடுதல் வோல்ட்டை வீணாக்காமல் ஆம்பியராக மாற்றிக் கொடுக்கிற எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் கட்டாயம் வாங்க வேண்டும். அந்தக் கன்ட்ரோலர் 46 வோல்ட்டுக்கு மேல் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும், லோடு இல்லாதபோது பேனல் அவ்வளவு காட்டும்.

36 செல் (பேனலுக்குள் கட்டம் கட்டமாகத் தெரிவது) இருக்கிற 12 வோல்ட் பேனலுக்கு அந்த அளவு வித்தியாசம் இல்லை. அட்டையில் 18 வோல்ட் என்று போட்டிருப்பது 25 டிகிரி செல் சூட்டுக்கு. நம்ம ஊர் ஏப்ரலில் பேனலின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், 65 டிகிரி சாதாரணமாக இருக்கும். அந்தச் சூட்டில் 18 என்பது 15 சொச்சமாகிவிடும். அதனால் எம்.பி.பி.டி. கொடுக்கிற லாபமும் குறைந்து நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு வந்துவிடும். கையில் காசு இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் அந்தக் காசை வயருக்குப் போடுங்கள். ஒரு வழி 6 மீட்டர், போய்வர 12 மீட்டர் என்று வைத்தால், இரண்டு பேனல் கொடுக்கிற 11 ஆம்பியருக்கு 1 சதுர மி.மீ. வயரில் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். 4 சதுர மி.மீ. வயரில் முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கும்.

பிப்ரவரி 20, 2024

ஓசூர் நண்பர் ஒருவர் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அங்கெல்லாம் இதே மாதிரி பிக்கப் மேல் கூரை தூக்கும் கேம்பர்களில் இரண்டு மூன்று பேனல் போடுகிறார்களே என்கிறார். போடுகிறார்கள். அங்கேயும் கூரை கனத்துப்போனால் தூக்குவதற்கு உதவியாகக் கார் டிக்கியில் இருக்கிற மாதிரிக் காஸ் ராடு கூடுதலாக மாட்டிக்கொள்கிறார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள். அவர்களுக்கு இன்னொரு கவலை குளிர். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, பனிப் பிரதேசத்தில் அதற்காகவே பேட்டரிக்குச் சூடு கொடுக்கிற ஏற்பாடெல்லாம் வைக்கிறார்கள். நமக்குத் தலைகீழ். பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஆகும்போது 45 டிகிரிதான் மேல் எல்லை. பூட்டிய பெட்டிக்குள் மே மாத மத்தியானம் அது சுலபமாகத் தாண்டும். எங்கள் பேட்டரியைப் படுக்கைக்கு அடியில், தரையோடு தரையாக, இரண்டு பக்கமும் காற்று வருகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

சாய்வு பற்றியும் கேட்டார். தெற்குப் பார்த்துச் சாய்த்து வை என்று எல்லோரும் சொல்வது வருடம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிற வீட்டு மாடிக்கு. கிருஷ்ணகிரி 12 டிகிரி சொச்சம் அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 23, 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், அப்புறம் ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கேதான். மாங்காய்ப் பருவம் ஏறக்குறைய முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது. தெற்கே சாய்த்தால் நஷ்டம்தான் வரும். கூரையோடு படுக்க வைத்துவிடுங்கள், ஆனால் அடியில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், காற்று போகட்டும்.

மார்ச் 9, 2024

பிப்ரவரி 11-ல் டேப் அசையவில்லை என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன், தயவுசெய்து படிக்கிறவர்கள் அதை நம்பிச் செய்துவிடாதீர்கள்.

நேற்று சேலத்தில் சாமான் ஏற்றப் போனோம். தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம், எதிர்க்காற்று, முன்னால் போன கன்டெய்னர் லாரிகளின் காற்று வேறு. கீழே இறங்கி டீக்கடையில் நிறுத்திப் பார்க்கிறேன், முன்பக்கப் பேனலின் இடது மூலை கூரையை விட்டு அரை அங்குலம் எழும்பி நிற்கிறது. கை வைத்தால் ஆடுகிறது. அந்த 8 கிலோ கண்ணாடி பின்னால் பைக்கில் வருகிறவர் மேல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை.

டேப்பின் மேல் குறை இல்லை. ஒட்டுவதற்கு முன் கூரையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்திருக்க வேண்டும், நான் தின்னரால் துடைத்தேன். முழுப் பிடிப்பு வர 3 நாள் விட்டிருக்க வேண்டும், நான் மறுநாளே வண்டியை எடுத்தேன். அதற்கு மேல் ஒரு வருட வெயில். இன்று மச்சான் வந்து (போர்வெல் மோட்டார் வேலை பார்க்கிறவர், கை சுத்தம்) ஒவ்வொரு பேனலுக்கும் 4 இடத்தில் ரிவ்நட் (கூரைத் தகட்டிலேயே பதிந்து நிற்கிற நட்) அடித்து, அதிர்வுக்குக் கழலாத நைலாக் நட்டோடு எல் கிளாம்ப் போட்டார். ஓட்டை ஒவ்வொன்றிலும் பாலியூரித்தேன் சீலன்ட். முன்பக்கம் காற்று அடியில் புகாமல் ஒரு அலுமினியப் பட்டை சாய்வாக. டேப்பும் இருக்கட்டும், போல்ட்டும் இருக்கட்டும்.

ஏப்ரல் 2, 2024

பாலக்கோடு நண்பர் 335-ல் ஒன்றை மட்டுமாவது போடட்டுமா என்று கேட்டிருக்கிறார். கார் டிக்கியைத் தாங்கிப் பிடிக்கிற காஸ் ராடுதானே உங்கள் கூரைக்கும்? அதில் எத்தனை நியூட்டன் என்று அச்சடித்திருக்கும், பாருங்கள். 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய 1 கிலோ.

எனக்கு நடந்தது: கூரை 48 கிலோ, 150 நியூட்டன் ராடு 4, அதாவது 60 கிலோ தூக்கும். கொக்கியைக் கழற்றினால் தானாக எழும்பிவிடும், அப்பா ஒரு கையால் தூக்குவார். பேனல் இரண்டும் சேனலும் 22 கிலோ ஏறியதும் 70 ஆயிற்று. எழும்பாது, தூக்கி விட்டாலும் நிற்காது. 200 நியூட்டன் ராடு மாற்றினேன், 80 கிலோவுக்கு வந்தது. வெயில் காலத்தில் 38 டிகிரியில் கம்பீரமாக நின்றது. இந்த ஜனவரியில் சொந்தக்காரர் வீட்டுக் காரியமாக ஓசூர் பக்கம் தளி போய் வண்டியிலேயே படுத்தோம், விடியற்காலை 12 டிகிரி இருக்கும். ராடுக்குள் இருக்கிறது வாயு, குளிர்ந்தால் அழுத்தம் குறையும், அந்த வித்தியாசத்துக்கு நூற்றுக்கு எட்டு குறைந்துவிடும். வெயிலில் தாங்கிய பலம் அந்த அளவு இறங்கிவிட்டது, ராடு சாய்ந்து நிற்பதால் மிச்சமும் முழுசாக மேலே தள்ளாது. 4 மணிக்குக் கூரை மெதுவாக இறங்கித் தார்ப்பாய் முகத்தில் விழுந்து அப்பா எழுந்தார். அவர் கை அப்போது ஓரச் சட்டத்தில் இருந்திருந்தால் விரல் போயிருக்கும்.

அதனால் இன்னும் பலமான ராடு போடலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டேன். 300 நியூட்டன் போட்டால் மூடும்போது இரண்டு ஆள் தொங்க வேண்டும். பதிலாக நான்கு மூலைக்கும் முட்டுக்கோல் வைத்தேன். ஒன்றுக்குள் ஒன்று போகிற இரண்டு இரும்புக் குழாய், குறுக்கே ஒரு பின். ராடு தூக்கட்டும், முட்டு தாங்கட்டும். பின் போடாமல் யாரும் உள்ளே படுக்கக் கூடாது என்பது இப்போது எங்கள் வண்டியில் சட்டம். 335 ஒன்றைப் போட்டாலும் 22 கிலோதான், என் இரண்டு பேனலும் சேனலும் சேர்ந்த கனம், தாங்கும். ஆனால் அது 2 மீட்டர் நீளம், எங்கேயும் பாதி நிழல் விழும். நான் சொல்வது, அதை வீட்டில் மோட்டார் கொட்டகை லைட்டுக்குப் போட்டுவிட்டு, வண்டிக்கு 12 வோல்ட் பேனலாகவே வாங்குங்கள்.

ஏப்ரல் 3, 2024

சட்டம் என்றதும் ஞாபகம் வந்தது. வண்டியின் உடலை நிரந்தரமாக மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு வரும். பெட்டி கழற்றக்கூடிய சுமையாகவே இருக்கட்டும், வெல்டிங் வைக்காதீர்கள், செய்வதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓடுகிற வண்டியில் பெட்டிக்குள் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

மே 5, 2024

தோப்பிலிருந்து எழுதுகிறேன், சந்தூர் பக்கம். இந்த வருடம் வெயில் மரத்தையே வாட்டுகிறது. பூத்ததில் பாதி பிடிக்கவில்லை, பிடித்த பிஞ்சும் உதிர்கிறது. காய் குறைவு என்றால் காவல் இன்னும் அதிகம்.

இங்கே வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிகிறது. படுக்கிற வண்டி மர நிழலில் நிற்க வேண்டும், பேனல் வெயிலில் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே வண்டி. வெயிலில் நிறுத்தினால் மத்தியானம் உள்ளே கால் வைக்க முடியாது, பேட்டரி கொதிக்கிறது. நிழலில் நிறுத்தினால் இலைச் சந்து வழியாக விழுகிற புள்ளி வெளிச்சம்தான். செல்கள் எல்லாம் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒரே ஒரு மாவிலை ஒரு செல்லை மூடிக் கிடந்தால் போதும், கிளாம்ப் மீட்டரில் 5 ஆம்பியர் காட்டியது பாதிக்கும் கீழே விழுந்துவிடுகிறது. எடுத்துப் போட்டதும் திரும்ப ஏறுகிறது. நேரில் பார்க்கும்வரை நானே நம்பவில்லை.

அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். "ஒண்ணைக் கழற்றிக் கட்டில்ல போடுடா." பின்பக்கப் பேனலைக் கழற்றி, 10 மீட்டர் வயர் இழுத்து, தோப்புக்கு வெளியே வெட்டவெளியில் கயிற்றுக் கட்டிலின் மேல் வைத்தோம். கட்டிலுக்கு அடியில் காற்று தாராளம், காலையில் கிழக்கே, சாயங்காலம் மேற்கே கட்டிலைத் தூக்கித் திருப்பிக்கொள்ளலாம். ஒரு பேனல் மட்டும் கொடுப்பது முன்பு கூரை மேல் இருந்த இரண்டையும் தாண்டுகிறது. ஆடு ஏறாமல் சுற்றி முள் வெட்டிப் போட்டோம். சாயங்காலம் மறக்காமல் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

கூரையும் 10 கிலோ குறைந்தது. அப்பா மறுபடியும் ஒரு கையால் தூக்குகிறார்.

மே 19, 2024

இதை எழுத மனசு வரவில்லை, ஆனாலும் யாருக்காவது உதவும். கட்டில் பேனலால் கரண்டு தாராளமாக வருகிறதே என்று ஃப்ரிட்ஜின் அளவை இன்னும் குளிர்ச்சிக்குத் திருப்பி வைத்தேன். நேற்றுக் காலை அப்பா குப்பியை எடுத்தால் உள்ளே உறைந்திருக்கிறது. உள்சுவரை ஒட்டி வைத்திருந்தேன், அங்கேதான் குளிர் அதிகம். உறைந்த இன்சுலினை உருக்கிப் போடக் கூடாது, வேலை செய்யாது. இரண்டு குப்பியும் குப்பைக்குப் போயிற்று, காவேரிப்பட்டணம் ஓடிப்போய் வேறு வாங்கி வந்து போடும்போது மணி 11. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

மே 23, 2024

மருத்துவரிடம் நேரில் கேட்டேன். பிரிக்காத குப்பிதான் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பிரித்து உபயோகத்தில் இருப்பதை, அப்பா போடுகிற வகையில், 30 டிகிரிக்குக் கீழே 4 வாரம் வெளியே வைக்கலாம். டப்பாவுக்குள் இருக்கிற தாளிலும் அப்படியே அச்சடித்திருக்கிறது, வகைக்கு வகை மாறும் என்பதால் உங்களுடையதைப் படியுங்கள். ஆக தோப்புக்கு வர வேண்டியது ஒரே ஒரு குப்பி. மற்றது வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

அம்மா பெரிய மண்சட்டியில் ஆற்றுமணல் போட்டு, நடுவில் சின்னப் பானையைப் பதித்து, மணலை நனைத்து, மேலே ஈரத் துணி போட்டுக் கொடுத்தார். குப்பி ஒரு டப்பாவில், தண்ணீர் படாமல், பானைக்குள். மூன்று நாளாகத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன், வெளியே 39 இருக்கும்போது உள்ளே 27. காற்று வறண்டிருப்பதால்தான் இவ்வளவு இறங்குகிறது. மழைக்காற்று வந்தால் இந்த அளவுக்கு இறங்காது, ஆனால் அப்போது வெளியிலும் 39 இருக்காது.

ஃப்ரிட்ஜை இறக்கிவிட்டேன். பிப்ரவரி 12 கணக்கைத் திரும்பப் பாருங்கள், 740-லிருந்து 290-க்கு வந்துவிட்டது. நான் போன வருடம் இரண்டாவது பேனல் வாங்கியதே இந்த ஃப்ரிட்ஜுக்காகத்தான், ராடு மாற்றியதும் அந்தப் பேனலுக்காகத்தான்.

ஜூன் 30, 2024

கூரைப் பேனல் வோல்ட் 21 காட்டுகிறது, ஆம்பியர் வரவில்லை. கன்ட்ரோலர் போயிற்று என்று நினைக்கிறேன்.

ஜூலை 2, 2024

கன்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கிறது. வயர்.

தூக்கும் கூரை வைத்திருக்கிற எல்லோரும் இதை நிதானமாகப் படியுங்கள், வீட்டு மாடியிலோ சாதாரண வேனிலோ இந்தக் கோளாறு வராது. கூரையிலிருந்து இறங்குகிற வயரைத் தார்ப்பாயின் உள்மடிப்போடு சேர்த்துத் தைத்திருந்தேன், பார்க்க அழகாக இருந்தது. தினமும் தூக்கி இறக்குகிறோம், தினமும் அந்த வயர் ஒரே இடத்தில் மடிகிறது, மூடும்போது சட்டத்துக்கு நடுவில் நசுங்குகிறது. ஒரு பருவத்துக்கு 100 தடவை. மேல்தோல் தேய்ந்து, உள்ளே செம்பு இழை ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு இழை மீட்டருக்கு 21 வோல்ட் காட்டப் போதும், 5 ஆம்பியர் கொண்டுபோகப் போதாது. அந்த இடம் தொட்டால் சுடுகிறது. தார்ப்பாய்க்குள், நாங்கள் தலை வைத்துப் படுக்கிற பக்கம். டிசி கரண்டில் பொறி விழுந்தால் ஏசி மாதிரி உடனே அணையாது. கடவுள் காப்பாற்றினார்.

இப்போது செய்திருப்பது: கூரையின் பின் மூலையில் கிளாண்ட் (வயர் நுழைகிற ஓட்டையில் தண்ணீர் புகாமல் இறுக்குகிற மூடி), அங்கிருந்து வயர் வெளிப்பக்கமாகவே வருகிறது, சுருள் வயர் மாதிரி பெரிய வளையமாக நெளிகுழாய்க்குள். கூரை மேலே போனால் வளையம் விரியும், இறங்கினால் சுருங்கும், எங்கேயும் கூர்மையாக மடியாது. இரண்டு முனையிலும் வயரைக் கிளிப் பிடித்திருக்கிறது, இழுவை இணைப்பில் விழாது. கீழ் வளையம் நுழைவு ஓட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இழை நிறைய இருக்கிற மெல்லிழை வயராகவே கேட்டு வாங்குங்கள்.

டிசம்பர் 4, 2024

ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை, அதுவே போதும்.

எங்கள் வண்டி மேட்டில் நின்றது. மார்ச்சில் அடித்த 8 ஓட்டையில் 7 ஒழுகவில்லை. எட்டாவது, கழற்றிய பேனலின் காலி ரிவ்நட் நான்கில் ஒன்று, அதை மட்டும் நான் மூடவே இல்லை, மெத்தை நனைந்துவிட்டது. பேனலைக் கழற்றினால் அதன் போல்ட்டைத் திரும்பச் சீலன்ட் வைத்து முறுக்கிவிடுங்கள்.

ஜனவரி 26, 2025

பூ வந்துவிட்டது, மருந்து அடிக்க வண்டியைத் தோப்புக்குள் கொண்டுபோனோம். இரண்டு நாள் மரத்தடியில் நின்றதற்கே பேனல் மேல் பிசுபிசு. தத்துப்பூச்சி பூங்கொத்தில் சாறு உறிஞ்சிவிட்டு விடுகிற தேன் மாதிரித் திரவம் அது. அதில் தூசி ஒட்டும், அப்புறம் கரும்பூஞ்சணம் படரும், இலையில் கறுப்பாகப் படர்கிற அதேதான். வெறும் தண்ணீர் ஊற்றினால் போகாது. கொஞ்சம் சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, விடியற்காலையில். வெயிலில் கொதிக்கிற கண்ணாடி மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கல் குவாரி லாரி போகிற பாதையில் இருக்கிறவர்கள் துடைப்பதற்கு முன் தண்ணீரை விட்டு மண்ணை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் கீறல் விழும்.

வளையும் ஒட்டுப் பேனல் பற்றிக் கேட்ட பென்னாகரம் நண்பருக்கு: கனம் குறைவு என்பது உண்மை, 100 வாட் 3 கிலோவுக்குள். ஆனால் கூரையோடு ஒட்டிவிடுவதால் முதுகுக்குக் காற்று இல்லை, நம்ம வெயிலுக்கு அது ஆகாது என்பது என் எண்ணம். ஒகேனக்கல் ரோட்டில் காட்டுக்குள் ராத்திரி நிறுத்திப் படுக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள், வேண்டாம். யானை நடமாடுகிற வழி அது. ஊருக்குள் வந்து நிறுத்துங்கள்.

ஜூன் 22, 2025

பெங்களூரா மாங்காய் கிலோ 5 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், பறிக்கிற கூலிக்கே காணாது. காய் மரத்திலேயே கிடக்கிறது. காவல் எதற்கு என்று அப்பாவே வீட்டுக்கு வந்துவிட்டார், இத்தனை வருடத்தில் இப்படி வந்ததே இல்லை. வண்டி வாசலில் நிற்கிறது.

பாலக்கோடு நண்பர் முடித்துவிட்டாராம், படம் பார்த்தேன், சந்தோஷம். 335 இரண்டும் வீட்டுக்கே போயிற்று, கூரை மேல் 160 வாட் ஒன்று, முட்டுக்கோல் 4, வயர் வளையமும் சரியாக வந்திருக்கிறது. ஃபியூஸ் எங்கே, எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையது 20 ஆம்பியர் கன்ட்ரோலர், கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் 6 சதுர மி.மீ. வயர் போட்டு 25 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். பேட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், கன்ட்ரோலர் பக்கத்தில் வைத்துப் பிரயோஜனமில்லை, வயர் நடுவில் எங்கே உரசினாலும் நெருப்பு பேட்டரியிலிருந்துதான் வரும். ஒரே பேனல் என்பதால் பேனல் பக்கம் ஃபியூஸ் தேவையில்லை, ஒரு டிசி சுவிட்ச் போதும். இணைக்கும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். படத்தில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே காஸ் அடுப்பு தெரிகிறது, அதை இன்றைக்கே எதிர்ப்பக்கம் மாற்றிவிடுங்கள்.